ஆலப்புழைக் காயல்: அப்பா அம்மாவோடு சின்ன வள்ளத்தில் போகலாமா?

மஞ்சக்காட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கமுங்க. எங்கள் ஊர் கவுந்தப்பாடிப் பக்கம். நான் வேலைக்காகக் கோயமுத்தூரில் இருக்கிறேன். அப்பாவுக்கு 67, அம்மாவுக்கு 61. அப்பா வாழ்நாளில் பார்த்த வெளியூர் என்றால் பழனி, திருப்பதி, மஞ்சள் விற்க ஈரோடு, என்னைக் கல்லூரியில் சேர்க்க ஒரே ஒரு தடவை சென்னை. எங்கே கூப்பிட்டாலும் "தண்ணி கட்ட யாரு இருக்கறா?" என்று ஒரே பதில்தான். இந்த வருஷம் அதிசயமாக அவரே வாயைத் திறந்தார். டிவியில் எதையோ பார்த்துவிட்டு, "கேரளாவுல வாசப்படியிலயே படகு கட்டி வெச்சிருக்கறாங்களே, அது எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டார். அவர் மனசு மாறுவதற்குள் கூட்டிப் போய்விட வேண்டும்.

ஒரு புரோக்கர் ஹவுஸ்போட் ஒரு நாளைக்கு 14,000 சொன்னார். அலுவலகத்தில் ஒருவர், "அதெல்லாம் வேண்டாம், துடுப்புப் போடுகிற சின்ன வள்ளத்தில் போங்கள், ஊருக்குள்ளேயே போகும்" என்கிறார். எனக்கு ஆசைதான். ஆனால் அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். சின்னப் பெண்ணாக இருந்தபோது கீழ்பவானி வாய்க்காலில் துணி துவைக்கப் போய் வழுக்கி விழுந்து, யாரோ சடையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். இன்றைக்கும் வாய்க்கால் பாலத்தில் வண்டி போனால் கண்ணை மூடிக்கொள்வார். அப்பாவுக்கு முழங்கால் வலி, கீழே உட்கார்ந்தால் எழ ஒரு ஆள் வேண்டும். கூட என் பையன், 7 வயசு.

டிசம்பரில் அரையாண்டு லீவில் போகலாமா, இல்லை மஞ்சள் வெட்டி முடித்துப் பங்குனிக்கு மேல் போகலாமா? அம்மா கவுச்சி தொடமாட்டார், தேங்காய் எண்ணெய் வாசமும் ஆகாது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சென்னிமலைத் தறி:

நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து ஹவுஸ்போட்டில்தான் போனோம். குறை சொல்லமாட்டேன், கட்டில், பாத்ரூம், சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் போட்டோவில் காட்டிய படகு வேறு, ஜெட்டியில் நின்ற படகு வேறு. முன்பணம் வாங்கிய ஆள் அப்புறம் போனையே எடுக்கவில்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கெல்லாம் கரையில் கட்டிவிட்டார்கள். ராத்திரி மீன் வலை போடுகிறவர்களுக்கு இடைஞ்சலாம், அது நியாயம்தான். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு படகு, எல்லாவற்றிலும் ஜெனரேட்டர். தறிக்குடோனில் படுத்த மாதிரியே இருந்தது, எனக்கு மட்டும் நல்ல தூக்கம்!

மாடியில் உட்கார்ந்து பார்த்தால் ஊர் சனமெல்லாம் பஸ் ஜன்னலில் தெரிகிற மாதிரித் தூரத்தில் தெரிவார்கள். உங்கள் அப்பா கேட்ட வாசப்படி கிட்டத்தில் வராது.

நார்மில்காரன்:

அம்மிணி, எனக்கு நெகமம் பக்கம் நார் மில். தேங்காய் மட்டையை அடித்து, நாரைக் காயவைத்து, பேல் கட்டி ஆலப்புழைக்கு அனுப்புகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ஊருக்குப் போய்வருகிறேன், பாதித் தடவை பாக்கி வசூலுக்கு. கயிற்றுக்குப் பேர்போன ஊருக்கு நம்மூரிலிருந்தா நார் போகிறது என்று கேட்காதீர்கள், போகிறது. பச்சை மட்டையைக் காயலில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அடித்து எடுக்கிற வெள்ளை நார்தான் அவர்களுடையது. அந்த வேலைக்கு இப்போது ஆள் குறைச்சல். நம்முடையது மெஷினில் அடிக்கிற பழுப்பு நார்.

இத்தனை வருஷம் போயும் நான் வள்ளத்தில் ஏறினதில்லை. வியாபாரத்துக்குப் போகிறவனுக்கு ஜெட்டியும் டீக்கடையும்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமனாரைக் கூட்டிப் போனபோதுதான் முதல் தடவை. அவர் உடுமலைப் பக்கம் விவசாயி, அப்போது வயசு 71. பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்காலில் நம் மண்டலத்துக்கு எப்போது தண்ணி விடுவார்கள் என்று காத்திருந்தே தலை நரைத்தவர். அதனால் உங்கள் அப்பா கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போகிற வழி. சென்னையிலிருந்து ஆலப்புழைக்குப் போகிற ராத்திரி எக்ஸ்பிரஸ் ஈரோட்டில் நடுராத்திரிக்கு மேல் வரும், காலையில் ஆலப்புழை. பெரியவர்களை அந்த நேரத்தில் தனியாக ஏற்றாதீர்கள், நீங்களும் ஈரோடு வந்து சேர்ந்தே ஏறுங்கள். ஆலப்புழையில் பஸ் ஸ்டாண்டை ஒட்டியே போட் ஜெட்டி. அங்கே ஜெட்டி வாசலில் மொய்க்கிற புரோக்கர்களைத் தாண்டி நேரே உள்ளே போனால் அரசாங்கப் படகு நிற்கும். நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டுவது. டவுன் பஸ் மாதிரிதான், கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார், கடவுக்குக் கடவு நின்று போகும். டிக்கெட்டும் டவுன் பஸ் கணக்குத்தான். நெடுமுடி, காவாலம், புளிங்குன்னு என்று ஊர் ஊராகப் போகிறது, கோட்டயத்துக்கே இரண்டரை மணி நேரத்தில் போகிற படகும் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோழித்தீவன மூட்டை, காஸ் சிலிண்டர் எல்லாம் கூடவே வரும். அம்மா முதலில் இதில் உட்காரட்டும். பெரிய படகு, ஆடாது. பக்கத்து சீட்டில் ஒரு சேச்சி மடியில் கீரைக்கட்டை வைத்துக்கொண்டு தூங்குவதைப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும்.

நாங்கள் அந்தப் படகில் கைநகரிப் பக்கம் இறங்கினோம். அங்கே ஒரு வள்ளக்காரர். முன்பெல்லாம் தேங்காய் ஏற்றிப் போனவராம், இப்போது நம்மை மாதிரி ஆட்களை ஏற்றுகிறார். மூன்று மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் பேசினோம். ஏறுவதற்கு முன்னாலேயே மாமனார் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "வள்ளத்துல நாம கம்பு அளப்போம், இவிய ஆளையே அளக்கறாங்களாட்ட" என்று. நம் பக்கம் வள்ளம் என்றால் தானியம் அளக்கிற அளவைதானே.

வள்ளக்காரர் பின்னால் நின்று நீளமான மூங்கில் கழியை அடித்தரையில் ஊன்றித் தள்ளினார். கழுக்கோல் என்கிறார்கள். ஆழமான இடத்தில் உட்கார்ந்து துடுப்புப் போட்டார். மோட்டார் இல்லை. சத்தம் என்றால் கழி ஏறும்போது சொட்டுகிற தண்ணிச் சத்தம், ஏதோ ஒரு வீட்டு ரேடியோ, அவ்வளவுதான். பெரிய ஆற்றிலிருந்து தோட்டுக்குள் திரும்பினோம். தோடு என்றால் நம் கிளை வாய்க்கால் அகலம்தான். அதுதான் அவர்களுக்குத் தெரு. வீட்டுக்கு வீடு கல்படி இறங்குகிறது. ஒரு அம்மா படியில் உட்கார்ந்து தேங்காய் நாரால் குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தார், எங்கள் வள்ளம் அவர் முழங்கைக்கு ஒரு முழத்தில் போனது. அவர் நிமிர்ந்து பார்த்து, மாமனாரின் வேட்டி, தலைப்பாகையைப் பார்த்து, "தமிழ்நாடோ?" என்றார். "ஆமாங்க" என்றார் இவர். அவ்வளவுதான் பேச்சு. வள்ளம் நகர்ந்துவிட்டது.

இன்னொரு வீட்டுப் பக்கத்தில் பழைய கெட்டுவள்ளம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்த் தடவிப் பார்த்தேன், தொழில் புத்தி. ஆணியே கிடையாது. ஆஞ்ஞிலி மரப் பலகை, நம்மூரில் அயினி என்பார்களே அதுதான். ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, பலகையையும் பலகையையும் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். சந்தில் நாரை அடைத்து, மேலே முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுத்த எண்ணெயைப் பூசியிருக்கிறார்கள், கன்னங்கரேல் என்று இருக்கிறது. ஒரு இடத்தில் தையல் விட்டுப்போய்க் கயிறு தொங்கியது. பிரித்துப் பார்த்தேன். அந்தக் காலத்து வெள்ளை நார், இறுக்கமான இரட்டைப் பிரி. இத்தனை வருஷம் தண்ணியில் கிடந்தும் உள்பிரி அப்படியே பொன்னிறமாக இருந்தது. என் மில் நாரில் அப்படி ஒரு கயிறு வராது, ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். வள்ளம் ஒரு வளைவில் திரும்பியது. வலது பக்கம் கையை விட்டால் தண்ணி. இடது பக்கம் ஒரு வரப்பு, நம் மேட்டுவரப்பு மாதிரி, மேலே தென்னை. மாமனார் அந்த வரப்புக்கு அப்பால் எட்டிப் பார்த்தவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். வள்ளம் ஆடியது, வள்ளக்காரர் "இரிக்கு, இரிக்கு!" என்று கத்தினார். உட்காரவைத்து என்னவென்று கேட்டால், "மாப்பிள்ளை, தண்ணி மேல நிக்குது, காடு கீழ கெடக்குது" என்றார்.

நான் இருபது வருஷமாக அந்த ஊருக்குப் போகிறவன், எனக்கே தெரியாது. எட்டிப் பார்த்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்த மட்டத்துக்கு ஒரு ஆள் உயரம் கீழே நெல் வயல், கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும். ஆலப்புழையைச் சுற்றியிருக்கிற குட்டநாட்டில் பெரும்பகுதி இப்படித்தானாம், கடல் மட்டத்துக்கு 4 அடியிலிருந்து 10 அடி வரை கீழே விவசாயம். காயலுக்குள் சேற்றை வாரி வரப்புக் கட்டி, உள்ளே இருக்கிற தண்ணியை வெளியே இறைத்து, அடித்தரையில் நெல் போடுகிறார்கள். சித்திரை, ராணி, மார்த்தாண்டம் என்று பெரிய காயல் நிலங்களை 1940களில் முரிக்கன் என்கிற ஒரு விவசாயி இப்படிக் காயலிலிருந்து எடுத்தாராம். ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு 2013இல் இதை உலகத்தின் முக்கியமான பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஹவுஸ்போட் மாடியிலிருந்து பார்த்தால் இது பச்சையாக ஒரு வயல், அவ்வளவுதான். வள்ளத்தில் தண்ணி மட்டத்தோடு உட்கார்ந்தால்தான் மேடு பள்ளம் தெரிகிறது. உங்கள் அப்பாவை வள்ளத்தில் ஏற்றச் சொல்வது இதற்காகத்தான்.

மாமனார் விடவில்லை. "மடை ஒடஞ்சா?" என்று கேட்டார். வள்ளக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மடை என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "மட வீணால் போயி!" என்று கையை விரித்தார். அவர்கள் வரப்பு உடைப்பெடுப்பதைத்தான் மட வீழ்ச்சை என்கிறார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்த வயல், அவர் வீடு, மாடு எல்லாம் போனதைக் கையாலேயே காட்டினார். நெஞ்சு வரைக்கும், அப்புறம் கூரை வரைக்கும். இவர் பதிலுக்கு, கிணறு வற்றி 800 அடிக்கு போர் போட்டும் புகைதான் வந்தது என்று கையாலேயே காட்டினார். ஒருத்தர் மேலே காட்டுகிறார், ஒருத்தர் கீழே காட்டுகிறார். நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கப் பார்த்தேன், இரண்டு பேருமே என்னைக் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் வரப்போரத்தில் ஒரு மோட்டார் கொட்டகை வந்தது. பெட்டியும் பறையும் என்கிறார்கள். உருளையாக மரத்தில் ஒரு பறை, அதன் தலையில் படுக்கைவாட்டில் ஒரு பெட்டி, உள்ளே விசிறி. வயல் தண்ணியை அள்ளித் தோட்டுக்குள் தள்ளும். பிரன்டன் என்கிற வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஏற்பாடு, அதற்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்து காலால் மிதிக்கிற சக்கரம். மாமனார் அந்தக் கொட்டகையில் முக்கால் மணி நேரம் நின்றார். வாலிபத்தில் மாடு கட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றிலிருந்து தண்ணி மேலே ஏற்றின மனுஷன். பயிருக்குத் தண்ணி வேண்டாம் என்று வெளியே இறைக்கிற ஊரை அன்றைக்குத்தான் பார்க்கிறார். "கரண்டு பில்லு ஆரு கட்டறா?" என்று நாலு தடவை கேட்டார். திரும்பும்போது, "வள்ளமுங்கறான், பறைங்கறான், எல்லாம் அளக்கற சாமானாவே இருக்குது" என்றார். பறையும் தானியம் அளக்கிற அளவைதானே.

இனி உங்கள் கவலைகளுக்கு வருகிறேன்.

முழங்கால்: உட்காருவது பிரச்சினை இல்லை. பல வள்ளங்களில் பிளாஸ்டிக் நாற்காலியோ பிரம்பு நாற்காலியோ போட்டு, மேலே கூரை கட்டியிருப்பார்கள், முன்னாடியே கேட்டு அப்படி எடுத்துக்கொள்ளுங்கள். கஷ்டம் ஏறுவதிலும் இறங்குவதிலும்தான். படி பாசி பிடித்திருக்கும். வள்ளத்தின் விளிம்பைப் பிடிக்கக் கூடாது, அது சாயும். வள்ளக்காரர் தோளைப் பிடித்து, வள்ளத்தின் நட்டநடுவில் கால் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். செருப்பைக் கழற்றிப் பையில் போடுங்கள். தோட்டுக்குக் குறுக்கே நடைபாலங்கள் தாழ்வாக வரும், குனியச் சொன்னால் குனியுங்கள். என் நெற்றியில் ஒரு வீக்கம் இருந்தது, அது வேறு கதை.

அம்மா: எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள், "ஆழமில்லை" என்று சிரித்தாலும் வாங்குங்கள். வள்ளத்துக்குள் அடியில் கொஞ்சம் தண்ணி தேங்கும், அவர் பாதி வெட்டின ஆயில் கேனால் அவ்வப்போது மொண்டு கொட்டுவார். ஓட்டையோ என்று அம்மா அலறப்போகிறார், முன்னாடியே சொல்லிவைத்துவிடுங்கள். பெரிய காயல் பக்கம் போக வேண்டாம், அங்கே ஹவுஸ்போட் போனால் அலை வரும். தோட்டுக்குள் அலையே கிடையாது.

எப்போது போவது: டிசம்பர் கடைசி வாரம் வேண்டவே வேண்டாம். கிறிஸ்துமஸ் கூட்டம், விலை இரட்டிப்பு. பங்குனிக்கு மேல் என்றால் குட்டநாட்டில் அறுப்பு நேரம். அறுப்பு மெஷினையே ஜங்கார் என்கிற தட்டைப் படகில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோவார்கள், நெல் மூட்டை வள்ளத்தில் வரும், அறுத்த வயலில் வாத்துக் கூட்டம் இறங்கும். அப்பாவுக்கு அதுதான் சரி. ஆனால் ஒன்று. மார்கழி வாக்கில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டரை இறக்கிவிடுவார்கள், கடல் உப்பு வயலுக்கு வராமல் இருக்க. தண்ணி ஓட்டம் நின்றுபோய் ஆகாயத்தாமரை மண்டிவிடும். உப்பு ஏறினால்தான் அது சாகும். சில தோடுகளில் வள்ளம் நுழையவே முடியாது. எந்தத் தோடு திறந்திருக்கிறது என்று வள்ளக்காரரிடம் முதல் நாளே போனில் கேளுங்கள். வெயில் கொல்லும், மத்தியானத்துக்கு மேல் இடிமழையும் வரலாம். காலையில் ஆறு மணிக்கு ஏறி ஒன்பதுக்கு இறங்கிவிடுங்கள்.

சாப்பாடு: காலையில் புட்டு, கடலைக்கறி, நேந்திரம்பழம், அம்மா சாப்பிடலாம். மதியம் எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய்தான், தப்பிக்க முடியாது. குத்தரிசிச் சோறும் பெரியவர்களுக்கு இறங்காது. பேசாமல் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போங்கள், புளிச்சோறு இரண்டு நாள் தாங்கும். கரிமீன் நீங்களும் பையனும் சாப்பிடுங்கள், முள் ஜாஸ்தி.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாக. அந்தப் படி அவர்களுக்குப் பாத்ரூம், சமையலறை, வாசல் எல்லாம். பெண்கள் குளிப்பார்கள். என்னோடு வந்த மச்சினன் பையன் போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போக, மாமனார் கையிலேயே ஒன்று போட்டார். எங்கள் வள்ளக்காரர் அப்படிப்பட்ட இடங்களில் நாலு வீடு முன்னாடியே தொண்டையைக் கனைத்துக்கொண்டு போனார்.

மஞ்சக்காட்டுக்காரி:

அண்ணா, ரொம்ப நன்றிங்க. உங்கள் பதிலை அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். தண்ணி மேலே, வயல் கீழே என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அந்த மோட்டாரு எத்தனை எச்.பி.ன்னு கேளு" என்கிறார். அம்மா மட்டும் "நீங்க போங்க, நான் மாட்டப் பாத்துக்கறேன்" என்று இன்னும் அதே இடத்தில்தான்.

திருப்பூர் டீச்சர்:

ஆலப்புழை மட்டும்தான் என்றில்லை, கொல்லம் பக்கம் மன்றோத்துருத்தையும் யோசியுங்கள். கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயலில் சேருகிற இடத்தில் இருக்கிற தீவுக்கூட்டம். திருவிதாங்கூரில் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோவின் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். கொல்லத்திலிருந்து பாசஞ்சர் ரயில் அந்தத் தீவிலேயே நிற்கும். நாங்கள் ஐந்து டீச்சர்கள் போனோம், விடியற்காலை ஐந்தேமுக்காலுக்கு வள்ளத்தில் ஏறிவிட்டோம். தோடு ஆலப்புழையைவிடக் குறுகல், இரண்டு பக்கமும் கை நீட்டினால் செடி. அலையாத்தி மரங்கள் வளைந்து கூரை மாதிரி நிற்கிற இடத்தில் வள்ளக்காரர் கழியை நிறுத்திவிட்டுச் சும்மா மிதக்கவிட்டார். 7 வயசுப் பையனுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் வள்ளத்தில் நாற்காலி இல்லை, பலகையில்தான் உட்கார்ந்தோம். பாலங்களுக்கு அடியில் போகும்போது குனிவது போதாது, மடியில் தலை வைத்துப் படுக்க வேண்டியிருந்தது. முழங்கால் வலிக்காரருக்குச் சிரமம்.

இன்னொன்று, அங்கே பார்த்தது அழகு மட்டும் இல்லை. காயலில் வேலியேற்றம், அதாவது கடல் ஓதம் ஏறி வரும்போது வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிடுகிறது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புக்கறை கோடு போட்ட மாதிரி நிற்கிறது. தரை வருஷத்துக்கு வருஷம் இறங்குகிறதாம். தென்மலையில் அணை கட்டிய பிறகு ஆற்றில் வண்டல் வருவது நின்றுபோனதுதான் காரணம் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். பூட்டிப்போட்ட வீடுகள் நிறைய. ஒரு அம்மாவின் வீட்டில் டீ குடித்தோம். கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார். சுற்றியும் தண்ணீர், குடிக்க மட்டும் குழாய்த் தண்ணீருக்குக் காத்திருக்கிறார். எங்கள் வீதியில் பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது என்று நான் சொன்னதும், அவர் என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்கிற மாதிரித் தலையாட்டினார்!

அம்மாபேட்டைப் பரிசல்:

எதற்குங்க அத்தனை தூரம்? எங்கள் பக்கம் நெரிஞ்சிப்பேட்டைக்கு வாருங்கள். கதவணையில் காவேரி தேங்கி நிற்கிறது, அக்கரையில் சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டி. இரண்டு ஊருக்கும் நடுவில் விசைப்படகு ஓடுகிறது, சந்தைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மொபெட் எல்லாம் அதில்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கூட்டம் வருகிறது, குட்டிக் கேரளா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சரி, காயல் வேறு, காவேரி வேறு என்று எனக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அம்மாவுக்காக. எடுத்த எடுப்பில் ராத்திரி ரயில், விடியக்காலை வள்ளம் என்று கூட்டிப் போனால் பாதி வழியில் திரும்பச் சொல்லுவார். முதலில் ஒரு ஞாயிறு இங்கே கூட்டி வந்து, அந்தப் படகில் அக்கரை போய், மீன் வறுவல் கடை வாசத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு இளநீர் குடித்து, திரும்பி வாருங்கள். அதில் பயம் தெளிந்தால் அப்புறம் டிக்கெட் போடுங்கள்.

பரிசலில் மட்டும் ஏற்ற வேண்டாம். என் அப்பாரு பரிசல் போட்டவர். மூங்கில் பிளாச்சைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அந்தக் காலத்தில் மாட்டுத்தோல், எங்கள் காலத்தில் பிளாஸ்டிக் சாக்குப் போட்டுத் தார் பூசினது. அதற்கு முன் பின் கிடையாது, துடுப்பை ஒரு பக்கம் போட்டால் சுற்றும். பயந்தவர்கள் ஏறினால் என்றைக்கும் தண்ணீர்ப் பக்கமே வரமாட்டார்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்திருந்தால் ஆற்றின் வேகமும் வேறு மாதிரி. படகோட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வாதாடக் கூடாது.

நார்மில்காரன்:

பரிசல்காரர் சொல்வது நல்ல யோசனை. எனக்கு அது தோன்றவில்லை. டீச்சரம்மா சொன்ன உப்புக்கறையை நானும் கைநகரியில் பார்த்திருக்கிறேன், குடோன் ஈரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் சொல்லுங்கள், நாங்கள் பார்த்தது 30 எச்.பி. வயலின் பரப்பைப் பொறுத்து சின்னதும் பெரிசும் இருக்கிறது. ஓடுகிற நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். சும்மா நிற்கிற மோட்டாரைப் பார்க்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, அது நம் தோட்டத்திலேயே நிற்கிறது. விதைப்புக்கு முன்னால் தண்ணி வடிக்கிறபோது, ஐப்பசி கார்த்திகையில் போனால் நிச்சயம் ஓடும். அறுப்பும் பார்க்க வேண்டும், மோட்டாரும் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு தடவைதான் போகவேண்டி வரும்.

அப்புறம் அம்மாவுக்கு இன்னொரு யோசனை. வள்ளத்தில் நடு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, பையனை அவர் மடியில் கொடுத்துவிடுங்கள். என் மாமியார் வராமல் போனதற்குக் காரணமும் இதே தண்ணிப் பயம்தான். ஆனால் பேத்தியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் கிணற்று மேட்டில்கூட நிற்பார்.

மஞ்சக்காட்டுக்காரி:

வர்ற ஞாயிறு நெரிஞ்சிப்பேட்டை போகிறோமுங்க. அம்மா சரி என்று சொன்னதற்குக் காரணம் படகு இல்லை, அக்கரையில் இளநீர் விலை நம்மூரைவிடக் கம்மியா என்று பார்க்கணுமாம். அப்பா ஐப்பசியா பங்குனியா என்று காலண்டரை எடுத்து வைத்து உட்கார்ந்திருக்கிறார். மஞ்சளுக்கு ஐப்பசியில் மண் அணைக்கிற வேலை பாக்கி இருக்கும், அதை யார் பார்ப்பது என்று சித்தப்பாவோடு இப்போதே பேச்சு நடக்கிறது. டீச்சரக்கா, மன்றோத்துருத்தில் நாற்காலி போட்ட வள்ளம் ஏதாவது கண்ணில் பட்டதா?

திருப்பூர் டீச்சர்:

ஒன்று பார்த்தேன், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி நாலு போட்டு. பாலத்துக்கு அடியில் போகும்போது அவர்கள் எல்லோரும் நாற்காலியை விட்டு இறங்கிக் கீழே உட்கார்ந்துதான் போனார்கள். அப்பாவுக்கு ஆலப்புழையே இருக்கட்டும்.